உள்ளே ஒன்றும் இல்லாத கார்

விற்றவர் நேர்மையான மனிதர். பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் விலை சொன்னார்.

"உடம்பு இருக்கு, சில்லு இருக்கு, எஞ்சின் இருக்கு. காருக்குள்ள வைக்கிற சாமான் மட்டும் ஒன்றும் இல்லை. அந்தப் பை எங்கேயோ தொலைஞ்சு போச்சு."

ஜேர்மனியின் எசன் நகரத்தில் அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில் பழைய சாமான் சந்தை நடக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் அடி தடித்த சட்டி ஒன்று தேடிப் போயிருந்தோம். சட்டி கிடைக்கவில்லை. நான் இந்தப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டேன். துண்டு துண்டாக ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்ரிக் மொடல் கார்.

மூடியில் ஒரு காரின் படம் இருந்தது. ஐம்பதுகளில் அமெரிக்காவில் மண் ஓடுபாதைகளில் பந்தயம் ஓடிய கார். ஆட்கள் வேலைக்குப் போய்வருகிற சாதாரணக் காரையே எடுத்து, வேண்டாததையெல்லாம் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி ஓடவிடுவார்களாம். ஸ்டொக் கார் என்று பெயர். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குப் பிடித்தது அதன் முதுகு மட்டுந்தான். கூரையிலிருந்து பின்பக்கம்வரை ஒரே இழுப்பாக வழிந்து இறங்கிய அந்த வளைவை விரலால் தடவிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"இது சின்னப் பிள்ளையளின்ர சாமானெல்லோ?" என்றார் கணவர்.

"இல்லை. இதில இருநூறு துண்டு இருக்கு. ஒட்டி எடுக்க ஒரு மாதம் வேணும்."

"உமக்கு லாபோரில ஒட்டுறது காணாதோ?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. செயற்கைப் பல் செய்கிற லாபோர் ஒன்றில் தொழிற்பயிற்சியின் மூன்றாம் வருடத்தில் இருந்தேன். அதற்கு முந்திய ஆறு வருடங்களும் அதே லாபோரில் தரை கூட்டினவள்தான். ஒருநாள் குப்பைக்குள் கிடந்த மெழுகை எடுத்து ஒரு கடைவாய்ப் பல் செதுக்கி யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனேன். அடுத்த நாள் முதலாளி அம்மா என்னைக் கூப்பிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார். களவு பிடிபட்டதைப் போல நின்றேன். அவர் கையில் இருந்தது அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்கான பத்திரம். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு தொழிற்பள்ளிக்கூட வாங்கில் போய் இருந்தேன். அங்கே நான் எல்லாருக்கும் அக்கா.

ஆனால் பல் என்பது அளவு சொல்லி வருகிற வேலை. யாரோ ஒருவரின் வாய், யாரோ ஒரு வைத்தியர் எழுதிய சீட்டு. என் விருப்பத்துக்கு அதில் ஒரு மயிரிழைகூட மாற்ற ஏலாது. அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தபோது எனக்கு வந்த சந்தோசம் அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் எதிர்மேசைக்காரரிடம் காட்டினேன். பீங்கான் பல்லுக்கு நிறம் கொடுப்பதில் அவர்தான் எங்கள் இடத்தில் கெட்டிக்காரர். என் வயதுதான். சிவப்புத் தாடி. ஓய்வு நேரத்தில் சின்னக் கப்பல்கள் கட்டுவார். ஒரு மொடல் சங்கத்திலும் இருந்தார். பெட்டியைக் கிளறிப் பார்த்தார்.

"உள்ளுக்கு ஒன்றுமே இல்லையே" என்றார்.

"தெரியும். அதுதான் மலிவு."

"மலிவு என்று சொல்லாதீங்கோ. அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கோ. பெட்டியில் வந்திருந்தால் கொம்பனி தந்ததை ஒட்டியிருப்பீங்கள். இப்ப எல்லாத்தையும் நீங்களே உண்டாக்க வேணும். ஒக்டோபரில் எங்கட சங்கத்தின் கண்காட்சி இருக்கு. கொண்டுவந்து வையுங்கோ."

அது மே மாதம். ஐந்து மாதம் தாராளம் என்று நினைத்தேன்.

காரின் நீளம் என் கையால் ஒரு சாண். உண்மையான காரை இருபத்தைந்தாகப் பிரித்தால் வருகிற அளவு. அதற்குள் சாரதியின் சீற், ஸ்டியரிங், கியர் தடி, மிதிகள், மணிக்கூடு மாதிரியான காட்டிகள், குழாய்க் கூடு, பெல்ற் எல்லாம் வரவேண்டும். முதலாளி அம்மாவிடம் கேட்டேன், குப்பைக்குப் போகிற மிச்சம் மீதியைக் கொண்டுபோகலாமா என்று. "குப்பையில எடுத்ததால்தானே நீ இங்க இருக்கிறாய்" என்று சிரித்தார்.

அப்படி எங்கள் குசினி மேசை இன்னொரு லாபோர் ஆகியது. தரைக்குத் தயிர்ப் பேணியின் அடியை வெட்டினேன். பல்லைப் பிடித்துக்கொள்ளுகிற கொழுக்கி செய்யும் கம்பியைப் பேனையில் சுற்றி ஸ்டியரிங் வளையம் எடுத்தேன். கியர் தடிக்குக் குண்டூசி. அதன் தலையே பிடி. தபாற்பெட்டியில் வந்து விழும் விளம்பரத் தாள்களில் கைக்கடிகாரப் படங்கள் இருக்கும். அதில் ஆகச் சின்னதாக அச்சான மூன்றை மிளகளவு வெட்டி டாஷ்போர்டில் ஒட்டி, மேலே ஒரு துளி தெளிந்த வார்னிஷ் விட்டேன். காய்ந்தபோது கண்ணாடி போட்டது போலவே மினுங்கியது. அதைப் பார்க்கக் கணவரை நித்திரைப் பாயிலிருந்து எழுப்பினேன். மத்தியானம் இரண்டு மணி. அவர் பாண் பேக்கரியில் இரவு வேலை செய்துவிட்டு வந்து படுத்திருந்தார்.

"என்ன, நெருப்போ?"

"இல்லை. மீற்றர் வந்திட்டுது."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "எத்தினை மணியெண்டு காட்டுது?" என்று கேட்டார். படத்தில் பத்து மணி பத்து நிமிடம். நெடுநாளாக எங்கள் வீட்டில் அது ஒரு பகிடி. எங்காவது போகப் பிந்தினால், "காரில இப்பத்தான் பத்துப் பத்து" என்பார்.

சீற்தான் வேடிக்கை. மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பல்லைச் சுற்றியிருக்கிற முரசுச் சதை செய்கிற பொருளை ஊற்றினேன். முரசின் நிறத்தில், பளபளவென்று, ரோசா நிற சீற் வந்தது. யாரோ வாயைத் திறந்து சிரிப்பது போலக் கிடந்தது. மூன்று முறை கறுப்புப் பூசித்தான் அது சீற் ஆகியது.

குழாய்க் கூட்டுக்கு, துண்டுகள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்ரிக் சட்டத்தை மெழுகுதிரி நெருப்பில் காட்டி வளைத்தேன். ஜூலை முடிவில் எல்லாவற்றையும் காருக்குள் வைத்துக் கூரையை மூடி, யன்னலால் பார்த்தேன். சுத்தமான வேலை. மூலைகள் நேர். எங்கும் பசை வழியவில்லை. ஆனால் ஏதோ சரியில்லை. இரண்டு நாள் பார்த்தேன், என்னவென்று பிடிபடவில்லை.

கணவர்தான் சொன்னார். தேத்தண்ணியோடு வந்து குனிந்து பார்த்தவர், "இதுக்குள்ள ஆள் எப்பிடி இருக்கிறது?" என்று கேட்டார்.

"ஏன், சீற்றில."

"இருந்தால் முழங்கால் எங்க போகும்? ஸ்டியரிங் நெஞ்சுக்குள்ள எல்லோ நிக்குது. இந்தக் குழாய் மண்டையில இடிக்கும். உம்மட கார் அலுமாரி மாதிரி இருக்குது. சாமான் வைக்கலாம், ஆள் ஓட்டேலாது."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் சொன்னது சரி என்று விளங்கியது. அதைவிடப் பெரிய விசயமும் விளங்கியது: நான் பிறந்ததிலிருந்து ஒரு காரின் சாரதி சீற்றில் ஒருதரமும் இருந்ததில்லை. எங்களிடம் கார் இல்லை. ஆட்களின் காரில் ஏறினால் எனக்குப் பின்சீற். முன்சீற்றில் கணவர்மார் இருந்து கதைத்துக்கொண்டு வருவார்கள். கால் எங்கே நீளும், கை எந்த உயரத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத வாய்க்குப் பல் கட்டினது போலத்தான் செய்திருந்தேன்.

லாபோரில் இதைச் சொன்னபோது எதிர்மேசைக்காரர் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, மூன்ஸ்டர் பக்கம் ஒரு கிராமத்தில் ஸ்டொக் கார் ஓட்டம் இருக்கு. அமெரிக்கக் கார் இல்லை, இஞ்சத்தைப் பழைய கார்கள்தான். ஆனால் கூடும் பெல்ற்றும் அதே மாதிரி. வந்து பாருங்கோவன்."

அந்த ஞாயிறு எங்களுக்கு மூன்ஸ்டரில் ஒரு சாமத்தியவீடு, ஒரு பிள்ளை பெரியவளானதற்கான கொண்டாட்டம். கணவரின் ஊர்க்காரர், தவிர்க்க ஏலாது. ஆகவே ஒரு ஏற்பாடு செய்தோம். சாப்பாடு முடிந்த கையோடு மண்டபத்திலிருந்து வெளிக்கிடுவது. எதிர்மேசைக்காரர் தன் காரில் வந்து வாசலில் ஏற்றிக்கொள்வது. உடுப்பு மாற்ற நேரமில்லை. அப்படித்தான் நான் மாம்பழ நிறப் பட்டுச்சேலையோடும், கொண்டையில் பூவோடும், கணவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் மினுக்கின சப்பாத்துமாக, அறுவடை முடிந்த ஒரு வயலின் நடுவில் போய் இறங்கினோம்.

சத்தம் முதலில் வந்தது. பிறகு புழுதி. கண்ணாடியெல்லாம் கழற்றிய, கதவுகளை உருக்கி ஒட்டிய பழைய கார்கள் வட்டமாகச் சுற்றி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். பொரித்த சொசேஜ் மணம். பிள்ளைகளெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்த இடத்தில் தலைமுதல் கால்வரை சேறு அப்பியவர்களும், மாட்டுக் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டவர்களும் நடந்து திரிந்தார்கள். பட்டுச்சேலை அவ்வளவு பெரிய அதிசயமாக இருக்கவில்லை.

ஓட்டம் முடிந்து வருகிற கார்கள் நிற்கும் பக்கம் போனோம். ஒரு நீலக் காரின் முன்மூடியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அதன் யன்னலால் ஒரு பெண் வெளியே வந்துகொண்டிருந்தாள். முதலில் இரண்டு கை, பிறகு தலை, பிறகு இடுப்பைத் திருப்பி ஒரு உன்னல். நிலத்தில் நின்றபோது என் உயரம்தான் இருந்தாள். அதாவது ஜேர்மனியில் அலுமாரியின் மேல்தட்டு எட்டாத உயரம். நாற்பது வயதிருக்கும். பால்மாட்டுப் பண்ணைக்காரி என்று பிறகு தெரிந்தது.

எதிர்மேசைக்காரர் விசயத்தைச் சொன்னார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்னை முதல் வசனத்திலேயே 'நீ' என்றுதான் சொன்னாள்.

"நீ என்ர காரைச் சின்னனாச் செய்யப் போறியா?"

"உங்கட காரை இல்லை. வேறொரு கார். ஆனால் உள்ளுக்கு எப்பிடி என்று பார்க்க வேணும். அளவெடுக்க வேணும்."

"அப்ப ஏறு."

"கதவு?"

"கதவு இல்லை. நான் எப்பிடி வந்தன் என்று பார்த்தாய்தானே? அதே வழி, எதிர்மாறா."

கணவர் என்னைப் பார்த்தார். நான் கணவரைப் பார்த்தேன். சாமத்தியவீட்டுக்கு வந்த ஆட்களில் யாரும் இங்கே இல்லை. செருப்பைக் கழற்றினேன். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, கொய்யக மடிப்பைத் தூக்கிப் பிடித்து, கணவர் ஒரு பக்கமும் அவள் மற்றப் பக்கமுமாகத் தாங்க, கால் முன்னே போக யன்னலுக்குள் இறங்கினேன். பூ எங்கேயோ விழுந்தது.

உள்ளே எண்ணெயும் புழுதியும் வியர்வையும் மணத்தன. சீற் என் முதுகைப் பிடித்துக்கொண்டது. அவள் தலையை நீட்டி, தோள் பெல்ற் இரண்டையும் இழுத்து நெஞ்சில் கொண்டுவந்து பூட்டினாள். "இப்ப சொல்லு, எது எங்க இருக்கு?"

அளவுநாடா யாரிடமும் இல்லை. கையால் அளந்தேன். கணவர் சாமத்தியவீட்டு அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினார்.

"ஸ்டியரிங், நெஞ்சிலயிருந்து ஒன்றரைச் சாண்!"

"ஒன்றரை."

"கியர் தடி, வலது முழங்காலுக்குப் பக்கத்தில, நாலு விரல்!"

"நாலு."

"இடது முழங்கால் இடிக்கிற இடத்தில குழாய்க்குக் கறுப்பு ரப்பர் சுத்தியிருக்கு. அதுக்கு மேல ஒட்டுநாடா. நாடா பிஞ்சு தொங்குது!"

"பிஞ்சு தொங்குறதையும் எழுதுறதோ?"

"ஓம், எழுதுங்கோ!"

பிறகு கால். வலது காலுக்கு இரண்டு மிதி. இடது காலால் மற்ற மிதியைத் தேடினேன். கால் தட்டுப்பட்டது இரும்பில் இல்லை. குனிந்து பார்த்தேன். மிதியின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து இரண்டு ஆணியால் இறுக்கியிருந்தாள்.

"இதென்ன?"

அவள் வெட்கப்படாமல் சிரித்தாள். "எனக்குக் கால் எட்டாது. எங்கட விறகில ஒரு துண்டு."

நான் இதைத் தமிழில் கணவருக்குக் கத்திச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "கட்டைக்குக் கட்டை" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போனது. என்ன பகிடி என்று அவள் கேட்டாள். எங்கள் மொழியில் குள்ளமான ஆளுக்கும் விறகுத் துண்டுக்கும் ஒரே சொல் என்று ஜேர்மனில் விளங்கப்படுத்தினேன். அவள் கார்க் கூரையில் ஓங்கி அடித்துச் சிரித்தாள். எனக்குக் காது அடைத்துப்போனது.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கிக்காரர் நீலக் காரை விலத்தச் சொன்னார். அடுத்த ஓட்டத்துக்கான கார்கள் பின்னால் வந்து நின்றன. என்னைப் பெல்ற்றிலிருந்து கழற்றி வெளியே எடுக்க அவகாசம் இல்லை. அவளும் எதிர்மேசைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினார்கள்.

"ஸ்டியரிங்கைப் பிடி!" என்று அவள் கத்தினாள். "இடதுபக்கம்! மரத்தை நோக்கிப் பிடி!"

பிடித்தேன். கார் அசைந்தது. நான் திருப்பினேன், அது திரும்பியது. எஞ்சின்கூட ஓடவில்லை, நாலு பேர் தள்ளி ஒரு இருபது மீற்றர் போயிருக்கும். ஆனால் அந்தப் பாரம் என் இரண்டு கைக்குச் சொல்வழி கேட்டு நகர்ந்ததே, அதை எப்படிச் சொல்வது? மரத்தடியில் நின்றபோது நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று கணவர் பிறகு சொன்னார்.

வீட்டுக்கு வந்து, செய்ததையெல்லாம் காரிலிருந்து பிடுங்கினேன். மீற்றர் மூன்றும் தப்பின. மற்றதெல்லாம் திரும்ப. இம்முறை அழைப்பிதழைச் சுவரில் குத்திவைத்து, என் சாணையும் விரலையும் அடிமட்டத்தில் அளந்து, இருபத்தைந்தால் பிரித்து வேலை செய்தேன். சீற்றைப் பின்னுக்குத் தள்ளினேன். குழாயின் வளைவைத் தலைக்கு இடம்விட்டு வளைத்தேன். பெல்ற்றுக்குப் பரிசுப்பொதியில் வந்த பட்டு ரிப்பன். அதன் பூட்டு, பழைய சட்டையில் இருந்த கொழுக்கி. குழாய்க்குக் கறுப்பு நூல் சுற்றி, மேலே மெல்லிய நாடா ஒட்டி, ஒரு நுனியைப் பிய்த்துத் தொங்கவிட்டேன். தரையில் தேத்தூளை அரைத்துத் தூவிப் புழுதி போட்டேன்.

கடைசியாக இடது மிதி. தீக்குச்சியில் ஒரு துண்டு வெட்டி, சாமணத்தால் பிடித்து, ஒரு எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய மரக்கட்டையாக்கி மிதியில் ஒட்டினேன். இரண்டு ஆணித்தலை வேண்டும். ஊசிமுனையால் இரண்டு புள்ளி.

"இது அமெரிக்கக் காரெல்லோ?" என்றார் கணவர். "அங்கயும் கட்டை வைச்சவங்களோ?"

"என்ர காரை ஓட்டுறவ கட்டை" என்றேன்.

ஒக்டோபர்க் கண்காட்சி ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் நடந்தது. நீள மேசைகளில் வெள்ளைத் துணி. போட்டிக்கு வைத்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். நடுவர் பக்கத்து நகரத்துச் சங்கத்துக்காரர். மூக்குக்கண்ணாடி, மேலங்கி, ஒரு கையில் சின்ன ரோச் லைற், மறுகையில் பல்வைத்தியர் வைத்திருக்கிற அதே வளைந்த கண்ணாடி. கார்களின் யன்னலுக்குள் அதை விட்டுப் பார்த்தார். என் வாயையே பார்க்கிற மாதிரி எனக்கு இருந்தது.

என் காரில் நெடுநேரம் நின்றார். "நல்ல வேலை" என்றார். பிறகு கண்ணாடி கீழே போனது. "இடது மிதியில் இதென்ன?"

"மரக்கட்டை."

"எந்தப் படத்தில் பார்த்தீங்கள்? ஆதாரம் இருக்கா?"

"படம் இல்லை. ஓட்டுறவவுக்குக் கால் எட்டாது."

"எந்த ஓட்டுனர்?"

நான் வாயைத் திறக்க முதல் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நான்தான்!" பண்ணைக்காரி. எதிர்மேசைக்காரர் எனக்குச் சொல்லாமல் அவளை அழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, தலைமயிரை ஈரமாக வாரி இழுத்து வந்திருந்தாள். நடுவரின் கையிலிருந்த கண்ணாடியை, தாங்கோ என்றுகூடக் கேட்காமல் வாங்கி, குனிந்து யன்னலுக்குள் விட்டாள். கண்ணாடியை அங்குமிங்கும் திருப்பிப் பார்த்தாள்.

"நாடா பிஞ்சிருக்கு" என்றாள் மெதுவாக. "அந்தப் பக்கம் என்ர முழங்கால் படுகிற இடத்தில." நிமிர்ந்து நடுவரைப் பார்த்தாள். "இவ என்ர காருக்குள்ள இருந்தவ. நீங்கள் ஒருதரம் இருந்து பாருங்கோ, பிறகு ஆதாரம் கேளுங்கோ."

நடுவர் பொல்லாத மனிதர் இல்லை. சிரித்துவிட்டார். ஆனால் சட்டம் சட்டந்தான். ஐம்பதுகளின் அமெரிக்கக் காருக்கு ஆதாரமில்லாத பொருள் என்று புள்ளி குறைத்தார். ஆறு கார்களில் எனக்கு நாலாம் இடம். அவர் சொன்னது பிழை என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று பின்னேரம்வரை அவர் தன் கண்ணாடியைத் திருப்பி வாங்க ஏலவில்லை. பண்ணைக்காரி மேசையடியில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் பிடித்து, "இஞ்ச பாருங்கோ, இடது மிதி" என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வரிசையே நின்றது. பார்வையாளர்கள் சீட்டில் எழுதிப் போடுகிற பரிசு ஒன்று இருந்தது. அதில் என் கார் இரண்டாவதாக வந்தது. பரிசு, வர்ணக் குப்பிகள் பன்னிரண்டு. கணவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தார், தான் வென்றவர் போல.

போகும்போது பண்ணைக்காரி என் கையைப் பிடித்தாள். "இப்ப என்ர காரைச் செய். வாற ஞாயிறு அளவெடுக்க வா."

போனோம். அவளுடைய பண்ணையில் சோளம் வெட்டின வயல், ஈரமாய், தட்டையாய், வேலிவரை கிடந்தது. அவளுடைய தாயார் பிளம்ஸ் கேக் வெட்டி வைத்திருந்தார். இம்முறை நான் களிசானும் சப்பாத்தும் போட்டு, ஒழுங்கான அளவுநாடாவும் கொண்டு போயிருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் அளவெல்லாம் எடுத்து முடிந்தது. நான் இன்னும் காருக்குள்ளேயே இருந்தேன். அவள் யன்னலில் கையூன்றி நின்றாள்.

"எஞ்சினைப் போடவா?"

"எனக்கு லைசென்ஸ் இல்லை."

"இது என்ர காணி. இஞ்ச கேட்கிறதுக்கு மாடுகள்தான் இருக்கு."

கணவர் ஓடிவந்தார். "இஞ்சேரும், விசர் வேலை பாக்காதையும். இறங்கும்."

"ஒருக்கா மட்டும்" என்றேன்.

அவள் கையை உள்ளே விட்டு எஞ்சினைப் போட்டாள். கார் முழுக்க நடுங்கியது. என் பல்லும் சேர்ந்து நடுங்கியது. இடது மிதியை விடு, மெதுவா, மெதுவா என்று சொல்லித் தந்தாள். விட்டேன். கார் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. இரண்டாம் தரமும் நின்றது. மூன்றாம் தரமும் நின்றது. தாயார் கேக் தட்டோடு வாசலுக்கு வந்து பார்த்தார். நாலாம் தரம் கார் குதிக்கவில்லை. உறுமிக்கொண்டு நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது.

முதலாம் கியர்தான். நடக்கிறதைவிடக் கொஞ்சம் வேகம். ஆனால் கண்ணாடி இல்லாத யன்னலால் காற்று முகத்தில் அடித்தது. சோளக்கட்டைகள் அடியில் சடசடவென்று முறிந்தன. பக்கத்தில் கணவர் சேற்றில் ஓடிவந்துகொண்டிருந்தார். "பிரேக்! பிரேக்கைப் பிடியும்!" என்று கத்தினார். சிரிக்கவும் செய்தார். வேலி கிட்டவந்ததும் நான் ஸ்டியரிங்கை முழுக்க இடதுபக்கம் இழுத்தேன். நீலக் கார் சேற்றை வீசிக்கொண்டு ஒரு அகன்ற வட்டமடித்துத் திரும்பியது. சேறு முழுக்க அவருடைய கோட்டில்.

நிறுத்தி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் இன்னொரு சுற்றுப் போனேன்.